மறைந்திருந்து பாடும் குரல்: 'சீக்ரட் சூப்பர்ஸ்டார்' திரைப்படத்தை முன்வைத்து

முஸ்லிம் பெண்பிள்ளை ஒருத்தி பாட ஆசைப்படுகிறாள், வாப்பா விடுவதாயில்லை. இந்த ஒரு வரியைச் சொன்ன மாத்திரத்திலேயே எமது சூழலில் இரண்டு அணிகள் எழுந்து நின்றுவிடும். 2017 ஒக்டோபரில் வெளிவந்த 'சீக்ரட் சூப்பர்ஸ்டார்' என்ற ஹிந்தித் திரைப்படத்துக்கும் அதுவே நடந்தது. ஹட்டனில் இலக்கியம் பேசும் நாலைந்து பேர் கூடிய இடத்தில் படத்தைப் பற்றிய பேச்சு சற்று நேரத்திலேயே பர்தாவைப் பற்றிய பேச்சாக மாறிவிட்டது. முஸ்லிம் குடும்பத்தை இன்னொரு தடவை சித்திரவதைக் கூடமாக்கிக் காட்டியிருக்கிறார்கள் என்றனர் ஒரு சாரார். எமது பெண்களின் விடுதலையைப் பேசும் படம் இது என்றனர் மறுசாரார். இரு சாராரும் அந்தப் பிள்ளையின் ஆடையையே பார்த்தார்கள் என்பது எனது அபிப்பிராயம். படத்தின் மையம் ஆடையில் இல்லை, வீட்டில் இருக்கிறது. வீட்டை விட்டுப் போவது யார், போவதற்கான செலவைக் கொடுப்பது யார், போனவள் திரும்பிவர ஒரு வீடு மிஞ்சுகிறதா என்ற கேள்விகளில் இருக்கிறது. மலையகத்தில் இருந்துகொண்டு படம் பார்க்கும் எனக்கு இக்கேள்விகளே முக்கியமாகப் படுகின்றன.

கதை எளிமையானது. குஜராத்தின் வதோதரா நகரில் வாழும் இன்ஸியா மாலிக்குக்கு (ஸைரா வஸீம்) 15 வயது. கிட்டார் வாசித்து, தானே பாட்டுக் கட்டிப் பாடுபவள். தகப்பன் ஃபாரூக் (ராஜ் அர்ஜுன்) படித்தவன், நல்ல உத்தியோகத்தில் இருப்பவன், மனைவியை அடிப்பவன். தாய் நஜ்மா (மெஹர் விஜ்) தன் தங்க மாலையை விற்று மகளுக்கு மடிகணினி வாங்கிக் கொடுக்கிறாள். தகப்பன் அடையாளம் காணாதிருக்க புர்காவும் நிகாபும் அணிந்து இன்ஸியா பாடிய பாட்டு யூடியூப் வழியாகப் பரவுகிறது. மவுசு இழந்த இசையமைப்பாளன் சக்தி குமார் (ஆமிர் கான்) அவளை மும்பைக்கு அழைக்கிறான். பள்ளிக்கூடத்திலிருந்து நழுவி, தனியாக விமானமேறிப் போய்ப் பாடிவிட்டு வருகிறாள். இறுதியில் குடும்பம் றியாதுக்குக் குடிபெயரப் புறப்படும்போது விமான நிலையத்தில் வைத்தே நஜ்மா கணவனைப் பிரிகிறாள். பிள்ளைகளுடன் விருது விழாவுக்குப் போகிறாள். அந்த மேடையில் இன்ஸியா முகத்திரையை அகற்றுகிறாள். அத்வைத் சந்தன் இயக்கிய முதற்படம் இது.

முதலில் இப்படத்துக்குக் கொடுக்க வேண்டிய மதிப்பைக் கொடுத்துவிடுவோம். ஃபாரூக் மார்க்கத்தின் பெயரால் அடிப்பதாக இயக்குநர் காட்டவில்லை. பள்ளிவாசல் வந்து தடை போடுவதாகவும் காட்டவில்லை. உணவில் உப்புக் குறைந்தால் கோபப்படுகிற, மனைவியின் உழைப்பைக் கண்ணெடுத்தும் பாராத, மகனுக்கொரு நீதியும் மகளுக்கொரு நீதியும் வைத்திருக்கிற ஆண் அவன். அவனை எந்தச் சமூகத்திலும் காணலாம். முஸ்லிம் பெயர் தாங்கியதால் மட்டும் அவனை எமது பிரதிநிதியாக எடுத்துக்கொண்டு நாம் கோபிப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அவன் எமது வீடுகளில் இல்லவே இல்லை என்று சாதிக்க வேண்டி வரும். அப்படிச் சாதிக்க என்னால் முடியாது. அதேவேளை, இந்த முஸ்லிம் வீட்டுக்குள் அன்பான ஆண் என்று ஒருவன்கூட, சிறுவன் குட்டுவைத் தவிர, இல்லை என்பதும், உதவி செய்ய வரும் ஆண்கள் இருவரும் வெளியிலிருந்தே வருகிறார்கள் என்பதும் குறிப்பிடப்பட வேண்டிய குறையே.

படத்தின் ஆரம்பத்தில் புகையிரத நிலையத்துக்கு மகளைக் கூட்டிச் செல்ல வரும் நஜ்மா கறுப்புக் கண்ணாடி அணிந்திருக்கிறாள். அடி வாங்கிய கண்ணை மறைப்பதற்காக. பிற்பாடு மகள் முகத்திரை அணிகிறாள். அதுவும் அதே மனிதனுக்குப் பயந்துதான். இரண்டு மறைப்புகள், இரண்டுக்கும் காரணம் ஒரே ஆள். இதை ஒப்பிட்டுப் பார்க்கிறவருக்கு, இப்படம் பர்தாவை ஆதரிக்கிறதா எதிர்க்கிறதா என்ற விவாதமே அர்த்தமற்றதாகிவிடும். இன்ஸியா அணிவது இறைவனுக்காக அணியும் ஆடை அல்ல, தகப்பனிடமிருந்து தப்புவதற்கான உபாயம். ஈமானோடு அணிகிற பெண்ணை அந்த உபாயத்தோடு குழப்பிக்கொள்ளும் பார்வையாளர் இருக்கக்கூடும் என்பது உண்மை. இறுதிக் காட்சியில் திரை விலகும்போது அரங்கமே எழுந்து கைதட்டுவது அந்தக் குழப்பத்துக்குத் தீனி போடுகிறது என்பதும் உண்மை. இயக்குநர் இவ்விடத்தில் இன்னும் நிதானமாக இருந்திருக்கலாம்.

முகம் மறைத்துப் பாடிப் புகழ்பெறும் பெண் என்பது இயக்குநரின் கற்பனை மட்டுமல்ல. 1919இல் பிறந்த ஷம்ஷாத் பேகம், லாகூரில் பதின்ம வயதில் இசைத்தட்டுக்குப் பாடப் போனபோது அவரது தகப்பனார் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். புர்கா அணிந்தே பாட வேண்டும், புகைப்படம் எடுக்க இடம்கொடுக்கக் கூடாது. பல்லாயிரம் வீடுகளில் ஒலித்த அந்தக் குரலின் முகத்தை இரசிகர்கள் பல தசாப்தங்களாக அறியவில்லை. 2013இல் அவர் காலமானார். அதே 1919இல் சேலத்தில் பிறந்த இன்னொருவர் எமக்கு நெருக்கமானவர்: முஹிதீன் பேக். இளம் வயதிலேயே கடல் கடந்து இலங்கை வந்து, சிங்களத் திரைப்படங்களிலும் வானொலியிலும் பாடி, பௌத்த பக்திப் பாடல்களுக்கே உரிய குரலாகி, 1991இல் காலமாகும்வரை இந்நாட்டின் எல்லாச் சமூகங்களாலும் போற்றப்பட்டார். வெசாக் பந்தல்களில் இன்றும் அவரது குரல் கேட்கிறது. அல்ஹாஜ் என்ற பட்டத்துடனேயே அவரை நாடு அறிந்திருந்தது.

இருவரும் முஸ்லிம்கள், ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். ஆண் பிள்ளைக்குக் கடலைக் கடந்தும், மொழியைக் கடந்தும், இன்னொரு மதத்தின் பக்தியைப் பாடியும் முகத்தோடும் பெயரோடும் வாழ முடிந்தது. பெண் பிள்ளைக்குத் தன் ஊரிலேயே தன் மொழியிலேயே பாடுவதற்கு முகத்தை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. இசை ஆகுமா ஆகாதா என்பது எமது உலமாக்களிடையே பழைய கருத்து வேறுபாடு. இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில் ஸமாஃ பற்றி விரிவாகவே நிபந்தனைகளோடு பேசியிருக்கிறார். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆகாது என்றால் இருவருக்கும் ஆகாததாக அல்லவா இருக்க வேண்டும்? பேக்கின் பெயரைப் பெருமையோடு சொல்கிற நாம், இன்ஸியாவின் பெயரைக் கேட்டதும் ஏன் ஃபத்வா தேடுகிறோம் என்பதே நான் கேட்பது.

பெண் குரல் எமது தமிழுக்குப் புதியதும் அல்ல. கீழக்கரை ஆசியா உம்மா, தென்காசி ரசூல் பீவி, இளையான்குடி கச்சிப்பிள்ளை அம்மாள் ஆகியோர் பாடிவைத்த ஞானப் பாடல்கள் எம்மிடம் உள்ளன. கிழக்கிலங்கையில் முஸ்லிம் பெண்கள் கட்டிய கவிகளை எமது ஆய்வாளர்கள் திரட்டியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. வீட்டுக்குள் இருந்தே பாடினார்கள். வீட்டிலிருந்து தப்பினால்தான் குரல் பிழைக்கும் என்ற இப்படத்தின் நம்பிக்கையோடு நான் முரண்படுவது இவர்களை மனதில் வைத்துத்தான்.

இனி, இசை. இசைக் கனவைப் பற்றிய படத்தில் இசை கற்கப்படுவதே இல்லை என்பது இதன் பெரிய பலவீனம். இன்ஸியாவுக்கு ஆசிரியர் இல்லை, சாதகம் இல்லை, தவறிய சுரம் இல்லை. முதற்காட்சியிலேயே முழுமையடைந்த பாடகியாக வருகிறாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் மடிகணினியும் வாய்ப்பும் மட்டுமே. அமித் திரிவேதியின் மெட்டுகள் இனிமையானவை, கௌசர் முனீரின் வரிகளும் எளிமையானவை. ஆனால் அந்தப் பாடல்கள் அவள் வளர்ந்த வீட்டிலிருந்தோ, வதோதராவின் தெருவிலிருந்தோ, அவளுடைய பெரியாப்பா முணுமுணுத்திருக்கக்கூடிய பழைய பாட்டிலிருந்தோ எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. எந்த நகரத்துப் பிள்ளையும் பாடக்கூடிய பாடல்கள் அவை. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆரவாரமான மெட்டை நிராகரித்து, தன் பாணியில் மெதுவாகப் பாடும் காட்சியே விதிவிலக்கு. அங்கு மட்டும் ஒரு கலைஞரின் தீர்ப்பைக் காண்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லலாம். நாம் கேட்கும் குரல் ஸைரா வஸீமுடையது அல்ல. அதைப் பாடியவர் மேக்னா மிஸ்ரா என்ற பதின்ம வயதுப் பாடகி. 2018இல் இப்படத்துக்காக அவருக்கு பிலிம்ஃபெயார் விருதும் கிடைத்தது. முகம் மறைத்துப் பாடும் பெண்ணின் கதையைச் சொல்லும் படத்தில், அந்தப் பெண்ணுக்குக் குரல் கொடுத்த பெண்ணே திரைக்குப் பின்னால்தான் நிற்கிறார். பின்னணிப் பாடகி என்ற சொல்லின் பொருளே அதுதானே. சினிமா என்ற தொழிலும் தன் பங்குக்கு ஒரு திரையைப் போட்டுத்தான் வைத்திருக்கிறது. படம் இதை உணர்ந்ததாகத் தெரியவில்லை.

இவ்விடத்தில் ராஜீவ் மேனனின் 'சர்வம் தாள மயம்' (2019) நினைவுக்கு வருகிறது. மிருதங்கம் செய்யும் தலித் கிறிஸ்தவத் தொழிலாளியின் மகன் பீற்றர், அந்த வாத்தியத்தை வாசிக்கக் கற்றுக்கொள்ளப் பாடுபடுகிறான். அப்படத்துக்கும் குறைகள் உண்டு. எனினும், கலை என்பது கைநோகக் கற்பது என்பதையும், வாத்தியத்தைச் செய்கிறவனுக்கு மேடை மறுக்கப்படுகிறது என்பதையும் அது காட்டியது. ஹட்டன் வட்டாரத்தில் வாழும் எனக்கு அது அந்நியமான கதை அல்ல. இங்கே தோட்டங்களில் தப்பு என்ற தோற்கருவி இருக்கிறது. ஒரு காலத்தில் விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்கு எழுப்பியது அந்தத் தப்புத்தான். காமன் கூத்துக்கு உயிர்கொடுப்பதும் அதுதான், மரண வீட்டில் முழங்குவதும் அதுதான். அதை அடிப்பவருக்குக் கிடைத்த மரியாதை என்னவென்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் கலைஞரின் பிள்ளை இசைக் கனவு கண்டால் முதலில் தகப்பனின் வாத்தியத்தையே மறைக்க நினைப்பான். இன்ஸியா முகத்தை மறைத்தாள் என்றால் இங்கே பரம்பரையை மறைக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் இதே மண்ணில் வேறொரு முன்மாதிரியும் உண்டு. ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளரை அமைப்பாக்கிய கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மை, 1930களில் தொழிற்சங்க மேடைகளில் பாடினார். தொழிலாளரின் இலங்கை வாழ்க்கையைப் பற்றிய அவரது பாட்டுகள் 1940இல் சிறு நூலாகவும் வந்தன. தன் புகழுக்காக அல்ல, கேட்டு நின்ற பெண்களின் கூலிக்காகவும் மானத்துக்காகவும் அவர் பாடினார். சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த மலைநாட்டுப் பாடல்களிலும் கொழுந்து பறிக்கும் பெண்களின் குரலே மேலோங்கி நிற்கிறது. பாட்டுக்கும் வீட்டுக்கும் வேலைக்கும் இடையில் இப்படத்தில் காணப்படும் பிளவு அங்கே இல்லை.

அண்மைக் காலத்தில் இக்கனவை எம்மவர் நேரில் கண்டது 2023இல். புசல்லாவைப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து அசானி என்ற சிறுமி, ஸீ தமிழ் தொலைக்காட்சியின் 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' நிகழ்ச்சிக்காகச் சென்னை சென்றார். ஊரவர் கைகொடுத்து அனுப்பிவைத்த பயணம் அது. மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 வருடங்கள் நினைவுகூரப்பட்ட அதே ஆண்டில், அவர்களது பெயரை ஒரு சிறுமியின் குரல் தமிழகத்து வரவேற்பறைகளுக்குக் கொண்டுபோனது. அந்தப் பருவத்தில் பட்டம் வென்றவரும் இலங்கையர்தான், யாழ்ப்பாணத்துக் கில்மிஷா. இதில் நாம் மகிழ்ந்தோம், மகிழ்ந்தது நியாயமே. ஆயினும் இவ்வாறான நிகழ்ச்சிகளின் இலக்கணத்தையும் பார்க்கத்தான் வேண்டும். பாட்டுக்கு முன்னர் துயரம் சொல்லப்பட வேண்டும், நடுவரின் கண் கலங்க வேண்டும், அதன் பின்னரே சுரம் எடைபோடப்படும். லயன் அறையைக் காட்டாமல் மலையகப் பிள்ளையைக் காட்ட அந்த இலக்கணத்தால் முடியாது. 'சீக்ரட் சூப்பர்ஸ்டா'ரின் இறுதிக் காட்சியும் இதே இலக்கணத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. வேறொருவருக்குக் கிடைத்த விருது கண்ணீரோடு இன்ஸியாவின் கைக்கு மாறுகிறது. அவளது பாட்டுக்காகவா, அவளது துயரத்துக்காகவா என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

வீட்டை விட்டுப் போவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்படத்தில் விமானம் இரண்டு தடவை வருகிறது. மும்பை விமானம் சுதந்திரம், றியாத் விமானம் சிறை. இந்தியப் பார்வையாளருக்கு இது ஒரு கதைத் திருப்பம். இலங்கை முஸ்லிமுக்கு, பதின்ம வயதுப் பெண்பிள்ளையும் சவூதி விமானமும் ஒன்றாக வரும்போது வேறொரு பெயர் ஞாபகம் வராமல் போகாது. மூதூர் ரிஸானா நபீக், 2005இல் 17 வயதில், வயதைக் கூட்டிப் பதிந்த கடவுச்சீட்டோடு அங்கு வேலைக்குப் போனார். 2013 ஜனவரி 9ஆம் திகதி சிரச்சேதம் செய்யப்பட்டார். அவர் கனவைத் தேடிப் போகவில்லை, குடும்பத்தின் வறுமையைத் தீர்க்கப் போனார். எங்கள் மலையிலிருந்தும் பிள்ளைகள் போகிறார்கள். டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன 16 வயதுச் சிறுமி ஹிஷாலினி 2021 ஜூலையில் எரிகாயங்களோடு உயிரிழந்தார். அவர் வேலை செய்த வீடு முஸ்லிம் அரசியல்வாதி ஒருவருடையது. ஒரு முஸ்லிம் எழுத்தாளனாக இதைத் தவிர்த்துவிட்டு, வீட்டை விட்டுப் போகும் பெண்பிள்ளையைப் பற்றி நான் எழுதினால் அது நேர்மையாகாது.

ஹட்டன் புகையிரத நிலையத்தில் தீபாவளி முடிந்த வாரத்தில் கொழும்பு நோக்கிப் போகும் இளைஞர் கூட்டத்தைப் பார்த்தவருக்குத் தெரியும், போவது என்பது இங்கே கனவு அல்ல, வழமை. கடைச் சிப்பந்தியாகவும் ஆடைத் தொழிற்சாலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறார்கள். பல வீடுகளில் மத்திய கிழக்குக்குப் போயிருப்பவர் தாய்தான். பிள்ளைகள் அம்மாயியிடம் வளர்கிறார்கள். தாயை வீட்டில் விட்டுவிட்டு மகள் கனவைத் தேடிப் போகும் கதையை, மகளின் படிப்புக்காகத் தாய் போய்விட்ட வீட்டிலிருந்து பார்ப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு நஜ்மாவின் கதைதான் விளங்கும்.

உண்மையில் இப்படத்தில் முதலில் வீட்டை விட்டுப் போனவளும் நஜ்மாதான். வயிற்றில் இருப்பது பெண் என்று அறிந்து கலைக்கச் சொன்னபோது, அவள் ஓடிப்போய்ப் பெற்றெடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள் என்பதைப் பெரியாப்பா இன்ஸியாவுக்குச் சொல்லும் காட்சி படத்தின் உச்சம். எந்த மேடையும் கைதட்டாத துணிச்சல் அது. விவாகரத்துப் பத்திரத்தை மகள் கொண்டுவந்து நீட்டும்போது நஜ்மா கோபப்படுவதும் அவ்வளவு உண்மையானது. பிள்ளைகளை எப்படிச் சாப்பாடு போட்டு வளர்ப்பது என்ற அவளது கேள்வியை விடுதலை பேசும் பிரதிகள் பலவும் எதிர்கொள்வதில்லை. மெஹர் விஜ் இக்காட்சிகளில் காட்டும் அடக்கமான நடிப்பு எந்தப் பாட்டையும் விட நீண்ட நாள் நிற்கும்.

படத்துக்கு வெளியே நடந்ததையும் ஒதுக்கிவிட முடியாது. காஷ்மீரைச் சேர்ந்த ஸைரா வஸீம், 2019 ஜூன் 30ஆம் திகதி, தன் ஈமானோடு தனக்குள்ள உறவு பாதிக்கப்படுவதாகக் கூறித் திரைத்துறையிலிருந்து விலகினார். ஒரு சாரார் அதை வெற்றியாகக் கொண்டாடினர், மறுசாரார் தோல்வியாகப் புலம்பினர். இரண்டுமே அநாகரிகம் என்பேன். அதே காஷ்மீரில் மூன்று பள்ளி மாணவியர் 'பிரகாஷ்' என்ற பெயரில் இசைக்குழு அமைத்து 2012 டிசம்பரில் மேடையேறினர். மிரட்டல்களும், அங்குள்ள தலைமை முஃப்தியின் கண்டனமும் வந்ததோடு 2013 பெப்ரவரியில் கலைந்தனர். ஸைரா தானாக விட்டார், அந்த மூவரும் விடவைக்கப்பட்டனர். இந்த வேறுபாட்டைக் காணத் தெரியாதவர் பெண்ணின் விருப்பத்தைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர். பாடுவதும் அவள் தீர்மானம், நிறுத்துவதும் அவள் தீர்மானம் என்று ஏற்றுக்கொள்வதில்தான் எமது நேர்மை இருக்கிறது.

மொத்தத்தில் 'சீக்ரட் சூப்பர்ஸ்டார்' வீட்டைப் பற்றி நன்கறிந்த, இசையைப் பற்றிக் கொஞ்சமே அறிந்த படம். மகளின் கனவை மேடையில் முடித்துவைத்த அவசரத்தில், தாயின் கேள்வியை அந்தரத்தில் விட்டுவிட்டது. விருது விழா முடிந்த மறுநாள் காலையில் நஜ்மா இரண்டு பிள்ளைகளோடு எந்த வீட்டில் கண்விழித்தாள்? கழுத்து மாலையைத்தான் ஏற்கெனவே விற்றுவிட்டாளே, அன்றையச் சாப்பாட்டுக்கு எதை விற்றாள்? இயக்குநர் அங்கே கமராவை நிறுத்திவிட்டார். எமது சிறுகதையாளர்களும் நாவலாசிரியர்களும் தொடங்க வேண்டிய இடம் அதுவே.